மீதி எவ்வளவு, தேவதாஸ்?

அன்று காலை பழவேற்காட்டு முஸ்லிம் இடுகாடான கபர்ஸ்தான் வாசலில் இருந்தவர்கள்: துபாயிலிருந்து லீவில் வந்த ஷாகுல் ஹமீது, படகு இன்ஜின் மெக்கானிக் தேவதாஸ், பள்ளிவாசலையும் கபர்ஸ்தானையும் கவனித்துக்கொள்ளும் கௌஸ் மைதீன் பாய், புல் அறுக்க வந்த ஜெயம்மா, எண்ணிக்கை பார்க்க நான். ஆக ஐந்து பேர். ஜெயம்மாவின் ஆடுகள் நான்கு, வெளியே கட்டியிருந்தன.

நடுவில் ஒரு சாக்கு. அதன்மேல் புல் வெட்டும் மெஷின். நீளக் கம்பியின் மேல்முனையில் பெட்ரோல் இன்ஜின், கீழ்முனையில் சுற்றுகிற நைலான் நரம்பு. போன லீவில் ஷாகுல் கபர்ஸ்தானுக்கென்று வாங்கி வந்தது. வந்த வாரம் ஓடியது. அதற்குப் பிறகு கயிற்றை இழுத்தால் இருமும், நின்றுவிடும்.

"ஒரு வருசமா சர்வீஸ் பண்ணலைன்னா எந்த மெஷின் ஓடும்?" என்றார் ஷாகுல்.

எண்ணிக்கைக்கு ஆள் எதற்கு என்றால், தேவதாஸ் முன்பு நாகப்பன் படகு இன்ஜினைப் பிரித்து மாட்டியபோது இரண்டு நட்டு மீதியாகிவிட்டது. படகு என்னவோ நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் அன்றிலிருந்து ஊரில் யாரும் அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "மீதி எவ்ளோ?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த மெஷினை ஓடவைத்து அந்தப் பேச்சை ஒழித்துவிட வேண்டும் என்று வந்திருந்தான்.

கௌஸ் மைதீன் பாய் ஜெயம்மாவைச் சும்மா விடவில்லை.

"மெஷின் ஓடட்டும். அப்புறம் உனக்கு இங்க இன்னா வேலை?"

ஜெயம்மா வெளியே ஆடுகளைப் பார்த்தாள். ஏரிக்கரை முழுக்க உப்பு மண். பச்சைப் புல் முளைப்பது கபர்ஸ்தான் சுவருக்குள் மட்டும்தான். போன வருடம் மெஷின் ஓடிய அந்த வாரம் புல்லெல்லாம் பொடிப்பொடியாகிப் பெட்ரோல் வாசனை அடித்தது. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. இன்றைக்கு மெஷின் ஓடினால் நான்கையும் விற்க வேண்டியதுதான்.

"சந்தைக்கு ஓட்டிக்கினு போ," என்றார் பாய். "என் துண்டைத் தின்னுச்சே, அன்னிக்கே ஓட்டியிருக்கணும்."

இது ஒரு வருடமாகச் சொல்லிவரும் புகார். தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து, மூலை இல்லாத இடத்தை எல்லாருக்கும் காட்டினார்.

"என் ஆடு துணி தின்னாது பாய்."

"அப்போ மூலை தானா நடந்து போச்சா?"

தேவதாஸ் வேலையைத் தொடங்கினான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தான். காற்று வடிகட்டும் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தான். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஆயில் கலந்து புதிதாக ஊற்றினான். தேய்ந்த நரம்புக்குப் பதில் மீன்வலை நரம்பைச் சுற்றினான். கழற்றியது ஒவ்வொன்றையும் நான் எண்ணிச் சாக்கில் வைத்தேன். எல்லாம் ஒழுங்காகத் திரும்பப் போயிற்று.

அப்புறம் டிரம் நிறையத் தண்ணீர் கேட்டான். படகு இன்ஜினைக் கரையில் ஓட்டிப் பார்ப்பதானால் டிரம் தண்ணீரில் இறக்கித்தான் ஓட்டுவான்.

"தண்ணி இல்லாம ஓட்டினா சூடாயிடும் பாய்," என்றான்.

மெக்கானிக் சொல்கிறானே என்று ஷாகுல் தலையாட்டினார். கீழ்முனையை டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தான். மெஷின் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை, ஆனால் அதற்குள் டிரம்மில் பாதி வெளியே வந்துவிட்டது. ஷாகுலின் துபாய்ச் சட்டை, பாயின் தாடி, என் கண்ணாடி எல்லாம் நனைந்தன. நனையாதவை ஆடுகள் நான்கும்தான்.

மெஷின் இருமி நின்றது.

"மீனு எதுனா மாட்டிச்சா?" என்றாள் ஜெயம்மா.

ஷாகுல் மெஷினோடு வந்த புத்தகத்தைத் துடைத்துப் பிரித்து, ஒரு படத்தைக் காட்டினார். சைலன்சரைக் கழற்றிக் கரியை எடுக்கவில்லையே என்றார். படகு இன்ஜினில் புகை தண்ணீருக்கு அடியில் போய்விடும். அதனால் தேவதாஸுக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும் யோசனையே வந்ததில்லை.

"அதெல்லாம் வேணாம்பா," என்றார் கௌஸ் மைதீன் பாய். "லுஹருக்கு நேரமாச்சு."

லுஹர் தொழுகைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

தேவதாஸ் சைலன்சரைத் திறந்து இரண்டு விரலை உள்ளே விட்டு எதையோ இழுத்தான். ஷாகுல் திரும்பி நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். தேவதாஸ் கையில் இருந்ததைப் பார்த்தான். எனக்கும் காட்டினான். பிறகு கௌஸ் மைதீன் பாயைப் பார்த்தான். அவர் மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளியே ஆடு ஒன்று கத்தியது.

எடுத்ததை எடுத்த இடத்திலேயே திணித்து, சைலன்சரை மூடி முடுக்கினான்.

கயிற்றை இழுத்தான். மெஷின் இருமியது. நின்றது.

"இந்த ஊரு உப்புக் காத்து இதுக்கு ஒத்துக்கலை பாய்," என்றான் தேவதாஸ். "என்னால ஆவாது."

"நட்டை மீதி வெக்கிறவன்கிட்ட கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்றார் ஷாகுல். தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

கௌஸ் மைதீன் பாய் ஜெயம்மா பக்கம் திரும்பினார். "இன்னா வேடிக்கை? மெஷின்தான் ஓடலையே. போய் அறு. கபுரை மிதிக்காம அறு."

ஷாகுல் என்னிடம் வந்தார். "பெரியவரே, நீங்கதானே எண்ணினீங்க. மீதி எவ்ளோ?"

மெஷினிலிருந்து வெளியே வந்தவை: அதன் சாமான்கள் பதினாறு, பச்சைத் துண்டின் மூலை ஒன்று, ஆகப் பதினேழு. பதினேழும் உள்ளே போய்விட்டன.

"சைபர்," என்றேன்.