கல்விக்கு மட்டும்

"ஸ்கூலுக்குன்னு எங்கப்பா எழுதிக்குடுத்த எடம், வக்கீலம்மா. புள்ளைங்க இல்லன்னு ஸ்கூல மூடிட்டாங்க. இப்ப அங்க மகளிர் குழுவுல பொம்பளைங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்துக்கினு இருக்காங்க."

தங்கதுரை நீட்டிய தானப் பத்திரத்தை, கள்ளக்குறிச்சி வக்கீல் செந்தமிழ்ச்செல்வி வாசித்தாள்: 'கல்விக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். தவறினால் இடம் என் வாரிசுகளுக்கே திரும்பும்.'

"கவலைய விடுங்கய்யா. வண்டி ஓட்டறது கல்வி இல்லன்னு வாதாடி எடத்த வாங்கிடலாம்."

தங்கதுரை பதறினார். "ஐயோ, வாங்கறதுக்கு வரலம்மா! அதுவும் கல்விதான்னு எழுதிக்குடுங்க. எனக்கப்புறம் எம் பசங்க எடத்தக் கேட்டு அங்க போய் நிக்கக் கூடாது."

செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சட்டத்துல கல்வின்னா சும்மா கத்துக்குடுத்தா பத்தாதுங்க. முறையா பாடம் இருக்கணும்."

"நோட்டுப் போட்டு நடத்தறாங்கம்மா."

"பயிற்சி?"

"தெனம் காலையில."

"பரீட்சை? கேள்வித்தாள் ஏதாச்சும் இருந்தா ஆதாரமா வைக்கலாம்."

"நான்தாம்மா கேள்வித்தாளு."

"புரியலைங்களே."

"போன மாசம் கொல்லையில நெஞ்சு வலின்னு சாஞ்சிட்டேன். அக்கம்பக்கத்துல ஆளில்ல. அங்க கத்துக்கினு வந்த எம் பொண்டாட்டி பெரியநாயகிதான், மரவள்ளி ஏத்தற லோடு ஆட்டோவுல என்னப் படுக்க வச்சி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு வந்தா."

தங்கதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அன்னிக்கி அவ பெயிலாயிருந்தா, இந்தப் பத்திரத்த எம் பசங்கதான் உங்ககிட்ட எடுத்தாந்திருப்பாங்க."