அட்டையின் பின்பக்கம்

இன்னும் நாற்பது வினாடி இருந்தது.

ரயில் வேலைநிறுத்தம் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் சொல்லி முடித்திருந்தாள். லிஸ்பனில் இன்று ரயில் ஓடாததற்கும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கலகத்துக்கும் முடிச்சுப் போட்டாயிற்று. அதில் அவள் கெட்டிக்காரி. ஞாயிறு காலை டி.வி. நேரலையில் பதினெட்டு வருஷமாகச் சரித்திரப் பேராசிரியையான அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது அதனால்தான்.

வேறு ஏதாவது உண்டா என்பதுபோல் தொகுப்பாளர் புருவத்தை உயர்த்தினார்.

சொல்லிவிட்டாள்.

என் முதல் புத்தகத்தில் ஒரு தவறு இருக்கிறது. சர்வாதிகாரக் காலத்து ரகசியப் போலீசுக்கு உளவு சொன்னவர்கள் பட்டியலில், எவோரா ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவரைத் தவறாகச் சேர்த்துவிட்டேன். அவர் உளவாளி இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

விளம்பரம் வந்தது.

போன வியாழக்கிழமை ஆவணக் காப்பகத்தில் வேறு எதையோ தேடும்போது, அந்த மருந்துக்கடைக்காரரைப் பற்றி ரகசியப் போலீஸ் வைத்திருந்த அட்டை மறுபடி கைக்கு வந்தது. அடெலினோ மொராய்ஸ். முன்பக்கத்தில் பெயர், முகவரி, ஒரு எண். முப்பது வருஷத்துக்கு முன், ஆராய்ச்சி மாணவியாக, ஒரு நாளைக்கு இத்தனை அட்டை என்று வெறிபிடித்த மாதிரி எழுதியெடுத்தாள். முன்பக்கத்தை மட்டும். திருப்பிப் பார்க்க நேரம் ஏது?

வியாழக்கிழமை திருப்பினாள்.

பென்சிலில் ஒரு வரி. கேட்டோம், மறுத்துவிட்டார், இனி அணுக வேண்டாம்.

அந்தப் பட்டியல்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பேர் வேலையைக் கொடுத்தது, வேலை இந்த நாற்காலியைக் கொடுத்தது. எவோராவில் ஜனங்கள் எதிர்க்கடைக்குப் போய் மாத்திரை வாங்க ஆரம்பித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மொராய்ஸ் கடையை மூடினார். சில வருஷத்தில் இறந்தும் போனார். அவர் மகள் இல்டா அப்போதே இவளுக்குக் கடிதம் போட்டிருந்தாள். அப்பா மறுத்துவிட்டார், அன்றைக்கே எங்களிடம் சொன்னார் என்று. ஆவணத்தில் அப்படி இல்லையே என்று இவள் பதில் எழுதினாள். நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஸ்டுடியோவுக்கு வெளியே எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். தயாரிப்பாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன தைரியம், அடுத்த வாரம் அரைமணி நேரமும் இதைப் பற்றியே வைத்துக்கொள்வோம் என்றார். கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது. நேர்மை, துணிச்சல், இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தி. நேற்றுவரை திட்டியவர்கள்கூட எழுதியிருந்தார்கள்.

மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நேயர் அழைப்புகளை எடுக்கும் பெண் ரிசீவரை நீட்டினாள். எவோராவிலிருந்து.

இல்டாதான். திட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பாத்தேன் புரொபசர். புஸ்தகத்துல அப்பா பேரைப் போட்டீங்களே. இன்னிக்கு ஏன் சொல்லல?"



சொல்லவில்லைதான். நேரலையில் தனிமனிதர் யார் பேரையும் எடுக்காதீர்கள் என்று முதல் நாளே சேனல் வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். பதினெட்டு வருஷப் பழக்கம். நாக்கு தானாக அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ரிசீவரை மேஜைமேல் வைத்தாள். துண்டிக்கவில்லை.

ஸ்டுடியோவில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. சமையல். உப்பு மீன் வதங்கும் வாசனை வெளியே வரைக்கும் வந்தது. கதவுக்கு மேல் நேரலையின் சிவப்பு விளக்கு எரிந்தது. வாசலில் நின்றவன் உதட்டில் விரலை வைத்து, இப்போது போகக் கூடாது என்று தலையாட்டினான்.

அவள் கதவைத் தள்ளினாள்.