பத்தாவது பலூன்

“துப்பாக்கியோட வர்றவன் கையை மொதல்ல பாரு” என்பார் ரெங்கராஜின் அப்பா. அதற்கு மேலும் என்னவோ சொல்வார். அது மறந்துபோச்சு.

புதுக்கோட்டையில் ஏர்கன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரெங்கராஜ் இன்றும் பார்த்தார். பலூன் சுடும் கடை சார்லஸுக்குக் கை நன்றாகத்தான் இருந்தது. துளி நடுக்கமில்லை.

“ட்ரிகர் தேஞ்சுபோச்சுண்ணே. லேசாத் தொட்டாலே சுடணும். ஆனா தானா வெடிச்சிரக் கூடாது.”

இரண்டு ட்ரிகர்களை மாட்டிக் காட்டினார் ரெங்கராஜ். சார்லஸ் சுண்டுவிரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“ஒண்ணு கெட்டி. இன்னொண்ணு அப்பப்ப சிக்குது. அந்த டப்பாவுல என்னண்ணே?”

“அது என் துப்பாக்கிக்குப்பா. நாளைக்குத் திருச்சியில போட்டி. மூணு மாசம் காத்துக் கெடந்து இன்னைக்குத்தான் வந்துச்சு.”

“நம்ம ரெண்டு துப்பாக்கியும் ஒரே மாடல்தானே... அதைக் குடுங்களேன்.”

ரெங்கராஜ் முறைத்தார். “தொட்டதும் வெடிச்சா, குறி வைக்கிறதுக்குள்ள குண்டு போயிரும். சனம் தோத்துக்கிட்டே இருக்கும். அதானே ஒன் திட்டம்?”

“அப்படியே வச்சுக்கங்கண்ணே” என்று சிரித்த சார்லஸ், சிக்குகிறதையே வாங்கிப் போனார்.

சாயங்காலம் நார்த்தாமலைத் திருவிழா. கூட்டத்தோடு நின்று வேவு பார்த்தார் ரெங்கராஜ்.

வருகிறவர்களுக்கெல்லாம் வேறொரு துப்பாக்கி. புது ட்ரிகர் போட்டது மேசைக்கு அடியில் கிடந்தது.

“அதைக் குடுங்க மாமா” என்றான் ஓர் இளவட்டம்.

“அதுக்கு ஆள் வரும், நீ இதுல சுடு மாப்ள.”

ஆள் வந்தார். கல்குவாரி ஐயனார், மகள் தேவிப்ரியாவோடு.

“வாங்கண்ணே, ஒங்களுக்காகத்தான் காத்திருக்கேன்!” அடியில் கிடந்தது வெளியே வந்தது.

டப்! டப்! ஒவ்வொன்றுக்கும் குதித்துக் குதித்து எண்ணினாள் மகள். “எட்டு! ஒம்போது!”

பத்து வெடித்தால் பெரிய பொம்மை. பத்தாவதுக்கு ட்ரிகர் சிக்கிக்கொண்டது. ஐயனார் கையை உதறினார்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார் ரெங்கராஜ். குவாரி வெடியில் போனது போக, கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

“போன வருசம் ஒண்ணுகூட இல்லப்பா, இப்ப ஒம்போது!” மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“தப்பு என் துப்பாக்கி மேலதான்” என்றார் சார்லஸ். “நாளைக்கு வாங்கண்ணே. பத்தாவது பலூனை அப்படியே வச்சிருக்கேன்.”

மறுநாள் காலை திருச்சி பஸ் ஏறிய ரெங்கராஜ், டப்பாவோடு நார்த்தாமலை விலக்கில் இறங்கிக்கொண்டார்.