நடக்க முடியாதவள்

எனக்கு ஆங்கிலம் வராது என்பதால், வெளிநாட்டில் இருக்கும் மகன் எனக்குச் சக்கர நாற்காலி பதிவு செய்திருந்தான். "தள்றவங்க உன்னை ஃப்ளைட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுவாங்க. நடுவுல எழுந்து நடந்துடாதேம்மா" என்று போனில் சொன்னான். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்ல வேண்டும். மருமகளின் பிரசவத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. விமான நிலையத்தில் என்னோடு சேர்த்துப் பதினோரு அம்மாக்கள், நல்ல கால்களை மடக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என்னைத் தள்ளிய ரெஜினாவுக்கும் என் வயதுதான் இருக்கும். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். ஏற்றமான பாதையில் அவளுடைய மூச்சு என் பிடரியில் பட்டது. "கொஞ்ச தூரம் நான் நடக்கறேனே" என்றேன். "ஐயோ, மேல கேமரா இருக்கு. என் வேலைக்கு வேட்டு வெச்சுடாதீங்கம்மா" என்றாள். குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். இது மூன்றாவது பயணம்.

"எதுக்கும்மா போறீங்க?"

"ஊர் சுத்திப் பார்க்க சார்."

"போன ரெண்டு தடவை என்னென்ன பார்த்தீங்க?"

சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு மரம்தான் நினைவுக்கு வந்தது. "மரமெல்லாம் நல்லா இருக்கும் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். கொஞ்ச தூரம் போனதும் ரெஜினா குனிந்து, "எத்தனையாவது பேரப்பிள்ளைம்மா?" என்று கேட்டாள்.

"மூணாவது."

"அப்ப நல்லா சாஞ்சு உட்காருங்க. அங்க போனா யாரு உட்காரவிடப் போறாங்க?"

விமானத்தின் வாசலுக்கு இன்னும் நூறடி இருந்தது. மெதுவாகத் தள்ளச் சொன்னேன்.