முல்லர்னா யாரு?

"முல்லராம் முல்லர்! ஜெர்மனியிலயே ஜாஸ்திப் பேருக்கு இருக்கிற சர்நேம் இதுதானாம். ஊரெல்லாம் கிடக்கிற பேரை வெச்சுக்கிட்டு எந்தக் குடும்பம்னு போய் விசாரிக்கிறது?"

லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த தடித்த புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் பொத்தென்று போட்டார் கிட்டுசாமி. டெக்ஸாஸில் பிளானோவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பெண்ணைக் கொடுக்குமுன் நாலு இடத்தில் விசாரிக்கும் வழக்கத்தை மனிதர் விட்டபாடில்லை. மகள் வான்மதியோ, கட்டினால் தன்னோடு வேலை பார்க்கும் எரிக் முல்லரைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். சம்பந்தம் பேச எரிக்கின் அப்பா அம்மா சாயங்காலம் வருகிறார்கள்.

"முல்லர்னா என்னங்க அர்த்தம்?" போண்டாவுக்கு மாவு கரைத்தபடி கேட்டாள் மனைவி ராமாத்தாள்.

"மாவு அரைக்கிறவன்! அந்தக் காலத்துல ஆத்தோரமா மில்லு வெச்சுக் கோதுமை அரைச்சுக் குடுத்திருக்காங்க. ஊருக்கு ஊர் மில்லு, மில்லுக்கு மில்லு ஒரு முல்லர். இங்க வந்து பாதிப் பேரு மில்லர்னு மாத்திக்கிட்டாங்களாம்."

"காங்கயத்துல உங்க தாய்மாமனும் மாவு மில்லுதானுங்க வெச்சிருந்தாரு?"

"அது வேற!"

"என்ன வேற? நமக்குச் சர்நேமே கிடையாது. கிரீன் கார்டு ஃபார்ம்ல கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு உங்கப்பா பேரை எழுதின ஆளு நீங்க."

"அப்பா, ப்ளீஸ்! ஹீ இஸ் எ குட் மேன். திஸ் இஸ் நைன்டீன் நைன்டி நைன்!" மாடிப்படியில் நின்றபடி கெஞ்சினாள் வான்மதி.

கிட்டுசாமிக்கு மனசு கேட்கவில்லை. "நல்ல குடும்பமான்னு மட்டும் கேட்டுக்கறேன் அம்மிணி. கௌரவத்துல ஒரு சின்னக் குறை இருந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன், ஆமா."

சாயங்காலம் முல்லர் தம்பதி சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார்கள். "ஐ ஆம் ராமாத்தாள் கிட்டுசாமி" என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைத் தடுமாறாமல் சொன்னாள் ராமாத்தாள். கிட்டுசாமி, ஆபீஸில் எல்லோரும் அவர் அப்பா பேரைச் சுருக்கிக் கூப்பிடுகிற 'நாச்சி' என்ற பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போண்டா ஆறுவதற்குள் கிட்டுசாமி விசாரணையை ஆரம்பித்துவிட்டார். பூர்வீகம் எது? தாத்தா என்ன செய்தார்? குடும்பத்தில் யாராவது விவாகரத்து, ரெண்டாம் கல்யாணம் உண்டா?

பெரிய முல்லர் கோபமே படாமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஆமாம், கொள்ளுத்தாத்தாவுக்கு மாவு மில்தான். டெக்ஸாஸுக்கு வந்து ஐந்து தலைமுறை. விவாகரத்து இதுவரை ஒன்றுகூட இல்லை.

"பரவால்லியே! நம்மாளுக மாதிரிதான் இருக்காங்க" என்று ராமாத்தாளிடம் முணுமுணுத்த கிட்டுசாமி, "எனக்குச் சம்மதம்" என்று சத்தமாக அறிவித்தார். வான்மதி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

அதைப் பார்த்த முல்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! இவளை இத்தனை அன்பாக வளர்த்திருக்கிறீர்களே" என்று கிட்டுசாமியின் கையைத் தட்டிக் கொடுத்தாள். எதற்கு இவ்வளவு புகழ்ச்சி என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது, வாசல் தபால் பெட்டி அருகே பெரிய முல்லர் அவரைத் தனியே அழைத்தார். பெட்டியில் 'கே. நாச்சிமுத்து' என்று எழுதியிருந்தது.

"மிஸ்டர் நாச்சிமுத்து, உங்கள் மனைவி கிட்டுசாமி, மகளும் கிட்டுசாமி, நீங்கள் மட்டும் நாச்சிமுத்து. நாங்கள் புரிந்துகொண்டோம். எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதான், எங்களுக்கு அது ஒரு குறையே இல்லை" என்றவர், அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கல்யாணத்தன்று வான்மதியைக் கைப்பிடித்து அழைத்து வரப்போவது நீங்களா, இல்லை, அவளைப் பெற்ற அப்பா மிஸ்டர் கிட்டுசாமியா?"