ஒன்பதுக்கு எத்தனை?

“முப்பத்துநாலு” என்றார் ரிமாஸ், கட்டிலில் கிடந்தவரின் காதருகே குனிந்து. “அவங்களுக்கு முப்பத்துநாலு ஃப்ரீ த்ரோ. எங்களுக்கு வெறும் ஒன்பது. மனசாட்சின்னு ஒண்ணு இருந்துச்சாய்யா உனக்கு?”

போவிலாஸ் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வாரம். கண் திறந்திருந்தது, வாய் திறக்கவில்லை.

ஜன்னலோரம் ஜெபமாலையுடன் இருந்த அவர் மனைவி அல்டோனா தலையை நிமிர்த்தவில்லை. கோபப்படக்கூட அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கூடைப்பந்து இறுதியாட்டம் அது. உள்ளூர்ச் சர்க்கரை ஆலை அணி, பக்கத்து ஊர்ப் பால்பண்ணை அணியிடம் ஒரே புள்ளியில் தோற்றது. ஃபவுலுக்கு விசில் ஊதி, தடுப்பாரில்லாமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோக்களைக் கொடுத்த நடுவர் போவிலாஸ். தோற்ற அணியின் தலைவர் ரிமாஸ். ஊரே திட்டியபோதும் போவிலாஸ் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. தேவாலயத்தின் ஞாயிறு பூசையில் எல்லோரும் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போது, ரிமாஸின் கைகள் மட்டும் இன்றுவரை கோட்டுப் பையை விட்டு வெளியே வந்ததில்லை.

அப்படிப்பட்டவர் பதினோரு நாளாக, காலணிக்கு மேல் ஆஸ்பத்திரியின் நீல உறையை மாட்டிக்கொண்டு, காலை பத்து மணிக்கு வந்துவிடுகிறார். யாருக்கென்று சொல்லாமல் ஜன்னல் விளிம்பில் ஒரு கறுப்பு ரொட்டிப் பொட்டலம் வைப்பார். பிறகு பழைய ஆட்டத்தைத் தொடங்குவார். அனுப்பிவிடட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது அல்டோனா வேண்டாமென்றாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூனை, உருளைக்கிழங்குப் பாத்தி, பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை என்று அவளும் பேசி ஓய்ந்துவிட்டாள். இனி யாராவது பேசட்டும்.

திங்கட்கிழமைக்குள் ஒரு சொல்லாவது வந்தால் இங்கேயே வைத்துப் பேச்சுப் பயிற்சி தருவார்கள். வராவிட்டால் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பராமரிப்பு இல்லம். அங்கே போனவர்கள் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. இன்று வெள்ளி. குணமாக்கு என்று கேட்பதை அவள் விட்டுவிட்டாள். ஒரே ஒரு சொல் கொடு ஆண்டவரே என்று மட்டும் மணிகளை உருட்டினாள்.

முதல் நாள் ரிமாஸ் சொன்னது இருபத்தெட்டு. பிறகு அது முப்பதானது, முப்பத்தொன்றானது. வயதாக ஆக வன்மத்துக்கும் சதை போடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ரிமாஸ் இப்போது உள்ளே வந்த நர்ஸிடம் நியாயம் கேட்டார். “நீயே சொல்லும்மா. ஒரே மைதானம், ஒரே பந்து. ஒரு பக்கம் மட்டும் இத்தனை ஃபவுல் நடக்குமா?”

தன் வீட்டுக்காரரும் டி.வி. முன்னால் தினம் இதையேதான் கத்துகிறார் என்றாள் நர்ஸ்.

அல்டோனா வறண்ட குரலில் பேசினாள். “கூடைக்கு அடியில புகுந்து ஆடுறவனைத்தான் கையில அடிப்பாங்க. நீங்க எல்லாரும் தூர நின்னு எறிஞ்சீங்க. தூர நிக்கிறவனை யாரு ஓடிவந்து அடிப்பா?” கணவர் ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமாகிவிட்ட பதில்.

“அதை அவன் சொல்லட்டும்” என்றார் ரிமாஸ், திரும்பிப் பார்க்காமல்.

மறுபடி குனிந்தார். “நாப்பது. கேக்குதா நடுவரே? நாப்பது ஃப்ரீ த்ரோ குடுத்தே. ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லப்போறேன்.”

போவிலாஸின் புருவம் நெளிந்தது. அல்டோனாவின் விரலில் ஜெபமாலை நின்றது. போர்வைமேல் கிடந்த இடது கை, ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதுபோல் அரை சாண் உயர்ந்தது. உதடு கோணி எச்சில் வழிந்தது.

“இருபத்... தாறு.”

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அல்டோனா எழுந்து கட்டிலருகே வந்தாள்.

ரிமாஸ் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, உயர்ந்து நின்ற அந்தக் கையைப் பற்றிக்கொண்டார்.

“தெரியும்யா. பதினோரு நாளா வேணும்னேதான் தப்பா சொல்லிட்டிருந்தேன்.”