மத்தியானம் மட்டும் நிற்கும் லிஃப்ட்

"என் பேரு ஜெபின். வயசு இருபத்திமூணு. குவைத்துல ஃபர்வானியா, பேக்கரிக்குப் பின்னால உள்ள கட்டடத்துல நிக்கேன். இந்த லிஃப்ட் நின்னதுக்கு நான் காரணமில்ல. காரணம் எவன்னு இப்பம் காட்டுதேன். பாத்துக்கிடுங்க."

கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான் லிஃப்ட் மெக்கானிக் ஜெபின். வெளியே புழுதிக்காற்று. வியர்வையில் மணல் ஒட்டிக் கழுத்தெல்லாம் அரித்தது.

வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சர்வீஸ் வேண்டும் என்று ஆபீசில் கெஞ்சி வாங்கியதே அவன்தான். விடியற்காலையில் வந்து, கதவுத் தடத்தில் சேர்ந்த மணலை உறிஞ்சி எடுத்து, மொட்டைமாடி மெஷின் ரூமில் கன்ட்ரோல் பேனல் தூசியை ஊதித் துடைத்துவிட்டுப் போவான். காலை முழுக்க நன்றாக ஓடும். மத்தியானம் ஆனால் பேனல் சூடேறி லிஃப்ட் நின்றுவிடும்.

"இன்னொரு தடவை அந்த லிஃப்ட் நின்னுச்சுன்னா நீ பெட்டியக் கட்டு. அடுத்த ஃப்ளைட்ல ஊரு" என்று சூப்பர்வைசர் சாக்கோ நேற்றுதான் கத்தியிருந்தார். இன்று மறுபடி நின்றுவிட்டது.

கைக்குழந்தையும் காய்கறிப் பையுமாக ஏறிக்கொண்டிருந்த ஒரு சிரியாக்காரப் பெண், படியில் நின்று மூச்சு வாங்கினாள். "வந்துட்டாரு வைத்தியரு! ஆறு மாடி ஏறிப் பாருப்பா, அப்பத் தெரியும். சர்வீஸ் பண்றீங்களா, லிஃப்டுக்குத் தாலாட்டுப் பாடிட்டுப் போறீங்களா?"

ஜெபினுக்குச் சுருக்கென்றது. காவலாளி ஷாபானைத் தேடினான். தேட வேண்டியிருக்கவில்லை. எகிப்துக்காரன் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றான்.

"வாங்க எஞ்சினியரே! வழக்கமா காலையிலதானே வருவீங்க? ஒரு போனாவது பண்ணியிருக்கலாமே!"

"நின்ன லிஃப்டப் பாக்கதுக்கு உன்கிட்ட போன் பண்ணிக் கேக்கணுமா? மெஷின் ரூம் சாவியக் குடு."

"முதல்ல ஒரு டீ குடி ஹபீபி. அதுக்குள்ள நானே மேல போய் சுவிட்ச அணைச்சுப் போட்டுட்டு வந்துடறேன். எப்பவும் அப்படித்தானே ஓடுது?"

"அப்படி ஓட்டி ஓட்டித்தான் என் பொழப்பக் கெடுத்த! மத்தியானமானா மெஷின் ரூம் ஏசிய அணைச்சிடுத. முதலாளிக்குக் கரண்டு மிச்சம் பிடிச்சுக் குடுக்கியா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா ஏசி ஓடுது!"

"அப்ப வழிய விடு. நானே பாக்கேன்."

ஷாபான் நகரவில்லை. ஜெபின் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே திருப்பினான்.

அப்படிச் செய்யச் சொன்னது எட்வின் அத்தான். ஜெபினின் அக்கா ஷைலாவின் கணவர். சால்மியாவில் பெரிய ஹோட்டலில் நைட் மேனேஜர். ஜெபினுக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். காலையில் ஜெபின் போனில் அழாத குறையாகப் புலம்பியபோது, "கோவத்துல கைய நீட்டிராத மாப்ளே. கையும் களவுமா வீடியோ எடு. எவனா இருந்தாலும் விடாத" என்று சொல்லிக் கொட்டாவி விட்டார். "நான் தூங்கப் போறேன். கம்பெனி ரூம்ல ஏசி பிச்சு உதறுது, கம்பளி இல்லாம முடியாது. பக்கத்துல ஒரு மோட்டார் மட்டும் விட்டு விட்டு உறுமும். அது நின்னாத்தான் நல்ல தூக்கம்."

"இன்னா பாருங்க, இவன்தான்!" என்றான் ஜெபின், கைபேசியிடம். "இத சாக்கோ சாருக்கு அனுப்புவேன். நம்ம வீட்டு குரூப்புலயும் போடுவேன். நான் வேல செய்யாமத் திரும்பி வந்தேன்னு நாளைக்கு ஊருல ஒருத்தரும் சொல்லக் கூடாது."

ஷாபானை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மேலே ஓடினான். மொட்டைமாடியில் அனல் முகத்தில் அறைந்தது. பின்னாலேயே ஷாபான் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"உடைச்சுடாத ஹபீபி! நானே திறக்கச் சொல்றேன். சத்தம் போடாத, அவங்க..."

"எவங்கல?"

பூட்டு வெளியில் தொங்கவில்லை; உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜெபின் ஓங்கி ஒரு உதை விட்டான். கதவு படாரென்று திறந்தது.

குளிர்காற்று வந்து மோதியது. ஷாபான் பொய் சொல்லவில்லை, ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பேனல் கண்ணில் படவில்லை. அதன் 'டக் டக்' சத்தம் கேட்காமலிருக்க, கனத்த கம்பளியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தான். அடுப்புப் போலக் கொதித்தது.

தரையில் அட்டைகளை விரித்து வரிசையாக ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள்.

"பகல்ல வாடகைக்கு விட்டிருக்கியா? நான் தூசி துடைச்சுத் துடைச்சு சாகுதேன், நீ இங்க லாட்ஜ் நடத்துதியா!"

ஷாபான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஜெபினின் கண் முழுக்கச் சிவந்திருந்தது. பேனலை ஒட்டி, தலை முதல் கால் வரை இழுத்துப் போர்த்திக் கிடந்தவனை நோக்கிப் போனான். கம்பளி கட்டியவன் இவனாகத்தான் இருக்க வேண்டும்.

"எந்திரில! உங்க தூக்கத்துக்கு என் சோறுதான் கெடச்சுதா? மூஞ்சியக் காட்டு. ஊரே பாக்கட்டும்!"

ஒரு கையில் கைபேசி. மறு கையால் போர்வையைப் பிடுங்கி எறிந்தான்.

படுத்திருந்தவர் பதறி எழுந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகக் கைபேசியைப் பார்த்தார்.

"கேமராவ அணைச்சிரு மாப்ளே."